பழ புரோட்டீன் ஷேக்கும் ஜிம்மில் கொடுத்த கேப்ஸ்யூலும்: யாராவது விவரம் சொல்லுங்கள்

பனியன்நகர் அம்மா | திங்கள், இரவு 9.40

வணக்கம். நான் திருப்பூர். மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான், எடை 62 கிலோ. நாலு மாதமாக ஜிம்முக்குப் போகிறான். போவதில் எனக்குச் சந்தோஷம்தான். செல்போனைக் கீழே வைக்காத பிள்ளை, காலை ஐந்தரைக்கு எழுந்து ஷூ மாட்டுகிறான்.

ஜிம்முக்குப் பக்கத்துக் கடையில் தினமும் மாம்பழ புரோட்டீன் ஷேக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு டம்ளர் 150 ரூபாய். கட்டுப்படியாகாது என்று நான் சொன்னதும், பாட்டி கொடுத்த பணத்தில் ஒரு கிலோ டப்பாவாகவே வாங்கி வந்துவிட்டான். டப்பா முழுக்க மாம்பழப் படம், சாறு சொட்டச் சொட்ட. நேற்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தை எல்லாம் படித்தேன். வே புரோட்டீன் கான்சன்ட்ரேட், மால்டோடெக்ஸ்ட்ரின், சுக்ரலோஸ், நிறம், சுவையூட்டி. மாம்பழம் என்று ஒரு இடத்திலும் இல்லை.

அதுவாவது பரவாயில்லை. துவைக்கத் துணி எடுக்கும்போது அவன் டிராக் பேன்ட் பையில் ஒரு ஜிப் கவர் கிடந்தது. உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பதினாறு கேப்ஸ்யூல். பெயர் இல்லை, சீட்டு இல்லை. கேட்டால், "கோச் கொடுத்தாரும்மா, கொழுப்பு கரையறதுக்கு. பழத்துல செஞ்சதுதான், ஒண்ணும் பண்ணாது" என்கிறான்.

அவனைத் திட்டி நிறுத்த எனக்கு விருப்பமில்லை. விஷயம் தெரிந்து பேச வேண்டும். ஷேக் குடிக்கலாமா? அந்த கேப்ஸ்யூல் என்னவாக இருக்கும்?


நெல்லை டயட்டீஷியன் | திங்கள், இரவு 10.25

அம்மா, கேப்ஸ்யூலை இன்று இரவோடு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை நாளை பேசிக்கொள்ளலாம். ஆனால் தூக்கி எறிய வேண்டாம், கவரோடு எடுத்து வையுங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். பசியின்மை, வாந்தி, வலது பக்க மேல்வயிற்றில் வலி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, கண்ணில் மஞ்சள், இதில் எது இருந்தாலும் அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை எடுத்துவிடுவது நல்லது. ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

இனி ஷேக். பழத்தில் புரோட்டீன் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் மாம்பழத்தில் ஒரு கிராம்கூட வராது. ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் சொச்சம். கொய்யாவில்தான் கொஞ்சம் கூடுதல், இரண்டரை கிராம் போல. அதனால் 'பழ புரோட்டீன்' என்று எதை விற்றாலும் அதில் புரோட்டீன் வருவது பாலிலிருந்தோ பொடியிலிருந்தோதான்.

16 முதல் 18 வயது ஆண் பிள்ளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு நாளுக்குச் சுமார் 55 கிராம். எடை தூக்குகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் தேவைப்படலாம். அதே கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தசை வளர்க்க புரோட்டீன் பொடியைத் தவிர்க்கும்படியே சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாள் அவன் என்ன சாப்பிடுகிறான் என்று எழுதி இங்கே போடுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.


ஓட்டக்காரன் | செவ்வாய், காலை 6.15

அக்கா, நான் மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓடியவன். பெயர் இல்லாத கேப்ஸ்யூல் என்று படித்ததும் வயிற்றைக் கலக்கியது, அதனால் எழுதுகிறேன்.

என்னோடு பயிற்சி எடுத்த ஒருவன் இப்படித்தான் கவரில் வந்த ஒன்றைச் சாப்பிட்டான். மூன்று வாரத்தில் உடம்பு ஏறியது, எல்லோரும் பாராட்டினோம். அப்புறம் முதுகு முழுக்கப் பரு, ராத்திரியில் தூக்கமில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் கையை ஓங்கினான். அவன் அப்பா சோதிக்கக் கூட்டிப் போனபோதுதான் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவன் ஓட்டத்தையே விட்டுவிட்டான்.

லேபிள் ஒட்டிய சரக்கிலும் இது உண்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உதவியோடு 2000, 2001 ஆண்டுகளில் 13 நாடுகளில் 634 சப்ளிமென்ட் வாங்கிச் சோதித்தார்கள். 94இல், அதாவது நூற்றுக்குப் பதினைந்தில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு சங்கதி இருந்தது. தம்பி போட்டிகளில் கலந்துகொள்கிற எண்ணத்தில் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் 'எனக்குத் தெரியாமல் கலந்திருந்தது' என்ற பேச்சு எடுபடாது. உடம்பில் எது இருந்தாலும் விளையாட்டு வீரர்தான் பொறுப்பு.


சாறுக்கடை | செவ்வாய், மதியம் 2.50

கோவையில் பதினோரு வருடமாக ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் நானும் புரோட்டீன் ஷேக் போட்டேன், இப்போது நிறுத்திவிட்டேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

மொத்தமாக வாங்கினால் பொடி பெரிய பையில் வரும். அதை வாளியில் கொட்டி மூடி வைப்போம். வேலைக்கு இருக்கிற பையன் மிக்ஸியைக் கழுவிய ஈரக் கையோடு கரண்டியை உள்ளே விடுவான். மழைக்காலத்தில் வாளியின் ஓரத்தில் பொடி கட்டி கட்டியாகப் பிடித்திருக்கும். ஒருநாள் அந்தக் கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அந்த வாளியிலிருந்து காலையிலிருந்து நாற்பது பேருக்காவது கொடுத்திருப்பேன். முழு வாளியையும் கொட்டினேன். அன்றிலிருந்து பழம், பால், தயிர், கடலை தவிர எதுவும் போடுவதில்லை.

இன்னொன்று, வீட்டில் செய்கிறவர்களுக்கு. பப்பாளி, அன்னாசி, கிவி போட்டுப் பாலோடு அடித்தால் உடனே குடித்துவிட வேண்டும். அரை மணி வைத்தால் கசந்துவிடும். கெட்டுப்போனதால் அல்ல. அந்தப் பழங்களில் புரோட்டீனை அறுக்கிற நொதி இருக்கிறது, கறி வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே சங்கதி. அது பால் புரோட்டீனை உடைக்கும்போதுதான் கசப்பு வருகிறது. அன்னாசியை இரண்டு கொதி விட்டு ஆற வைத்துப் போட்டால் கசக்காது.


இரும்புப் பட்டறை | செவ்வாய், இரவு 8.05

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஏழு வருடமாக எடை தூக்குகிறேன், ஆறு வருடமாக வே எடுக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதிக்கிறேன்.

வே என்பது புதிதாகக் கண்டுபிடித்த ரசாயனம் இல்லை. பால் திரிந்து பனீர் எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீர் இருக்கிறதே, அதை வடிகட்டி உலர்த்தினால் வே. மெஸ்ஸில் சாப்பிட்டு ஷிப்டில் வேலை பார்க்கிறவனுக்கு நாளுக்கு நூறு கிராம் புரோட்டீன் சாப்பாட்டில் சேர்வது கஷ்டம். எனக்கு அது உதவியிருக்கிறது. நல்ல சரக்கைப் பார்த்து வாங்கினால் நல்ல உடம்புக்காரனுக்கு அது கெடுதல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அக்கா, டப்பாவில் இதைப் பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும், அதை அவர்கள் தளத்தில் போட்டால் கம்பெனி பெயர் வரும். 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்றும், 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்றும், நாளுக்கு எவ்வளவு என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரி. மூடிக்குக் கீழே சீல் கிழியாமல் இருக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் இரண்டாவது பெயராகவே வருகிறது என்றால் அதில் கணிசமான பங்கு மாவுச்சத்தாக இருக்கலாம், காசுக்கு ஆகாத டப்பா. கேப்ஸ்யூல் விஷயத்தில் எல்லோரும் சொல்வதுதான் என் பேச்சும். கவரில் போட்டுக் கொடுக்கிறவன் கோச்சே இல்லை.


நெல்லை டயட்டீஷியன் | செவ்வாய், இரவு 9.10

இரும்புப் பட்டறை தம்பி சொல்வது நியாயம். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிற இளவயதுக்காரருக்கு அளவாக வே எடுத்தால் சிறுநீரகம் போய்விடும் என்று நானும் சொல்வதில்லை. என் கவலை வேறு. டப்பாவில் எழுதியதுதான் உள்ளே இருக்கிறதா?

கேரளாவில் ஒரு கல்லீரல் மருத்துவர் குழு, இந்தியச் சந்தையில் விற்கிற 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்து 2024இல் ஆய்விதழில் வெளியிட்டது. 25இல் புரோட்டீன் அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. நூற்றுக்குப் பதினாலு பொடியில் அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. அது கல்லீரலுக்கு ஆகாதது. மூலிகைச் சாறு கலந்த பொடிகளைப் பற்றியும் அவர்கள் கடுமையாகவே எச்சரித்தார்கள்.

அளவில் ஏமாற்றுவது எப்படி முடிகிறது என்று கேட்பீர்கள். வழக்கமான சோதனையில் புரோட்டீனை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கொட்டினாலும் நைட்ரஜன் ஏறும், தாளில் புரோட்டீன் கூடும். 2008இல் சீனாவில் பால் மாவில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டையில்தான். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்துபோனார்கள்.


பனியன்நகர் அம்மா | புதன், காலை 10.20

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவனிடம் உட்கார்ந்து பேசினேன். கேப்ஸ்யூல் ஒன்பது நாளாகச் சாப்பிட்டிருக்கிறான். 'கார்சீனியா' என்று கோச் சொன்னாராம். இன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இன்னொரு விஷயம் இப்போதுதான் தோன்றுகிறது. 'பழம்தானே, சத்துதானே' என்று இவன் அப்பாவும் இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் அந்தப் பொடியில் ஒரு கரண்டி, இரண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சை போட்டு அடித்துக் குடிக்கிறார். அவருக்கு 49 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. போன வருடம் கிரியேட்டினின் 1.8 என்று வந்தது. அது அவருக்கு ஆகுமா?


நெல்லை டயட்டீஷியன் | புதன், காலை 10.45

அம்மா, மகனைவிட உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எனக்கு இப்போது கவலை. அந்த ஷேக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கிரியேட்டினின் 1.8 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி ஏற்கெனவே பாதியளவுக்குக் குறைந்திருக்கிறது. அந்த நிலையில் கூடுதல் புரோட்டீன் சுமை. டயாலிசிஸுக்குப் போகாத சிறுநீரக நோயாளிக்கு நாங்கள் புரோட்டீனைக் குறைத்துத்தான் கொடுப்போம். அடுத்தது பொட்டாசியம். ஒரு வாழைப்பழத்தில் 350 முதல் 400 மில்லிகிராம் வரும், பேரீச்சையிலும் நிறைய. சிறுநீரகம் வெளியே தள்ளாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரும் அப்படித்தான். சர்க்கரைக்கும் இது ஆகாது, மால்டோடெக்ஸ்ட்ரின் கிட்டத்தட்ட குளுக்கோஸ் வேகத்தில் ஏறும்.

இந்த வாரமே சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். எதை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குள் பயந்துபோய் அவராகப் பட்டினி கிடக்க வேண்டாம்.


குமரிக் கரை | புதன், மாலை 5.30

கார்சீனியா என்று படித்ததும் வந்தேன். அது எங்கள் கொடம்புளிதான் அக்கா! வெயிலிலும் புகையிலும் காய்ந்து கறுத்து, சுருங்கிய தோல் மாதிரி இருக்கும். மீன் குழம்புக்கு மூன்று நான்கு சுளையைக் கழுவி ஊறப்போட்டுப் போடுவோம். என் அம்மாச்சி 91 வயது வரை அந்தக் குழம்பு சாப்பிட்டார்.

அதே பழத்தின் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தை மட்டும் பிரித்து, கட்டியாக்கி, கேப்ஸ்யூலில் அடைத்து நாளுக்கு மூன்று என்று விழுங்கினால் அது குழம்பு இல்லை. 2009இல் அமெரிக்காவில் ஹைட்ராக்சிகட் என்ற எடைகுறைப்புச் சரக்கு, 23 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு என்று புகார் வந்தபின் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஒருவர் இறந்திருந்தார். அதன் பல வகைகளில் கார்சீனியா சாறும் கலந்திருந்தது. அதில் கலந்த எந்தப் பொருளால் பாதிப்பு வந்தது என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அப்புறம் கார்சீனியாவோடு தொடர்புள்ள கல்லீரல் பாதிப்பு 22 பேருக்கு வந்ததை அங்குள்ள ஆய்வாளர்களே தொகுத்து எழுதினார்கள்.

வில்வமும் இப்படித்தான் மாட்டியது. சிவன் கோயிலில் கையில் வாங்குகிற வில்வ இலையில் ஈஜெலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை ஆலையில் செயற்கையாகச் செய்து ஆக்ஸிஎலைட் புரோ என்ற எடைகுறைப்புச் சரக்கில் கலந்தார்கள். 2013இல் ஹவாயில் அதைச் சாப்பிட்டவர்கள் பலருக்குக் கல்லீரல் வீங்கியது. சிலருக்கு மாற்றுக் கல்லீரல் வைக்க வேண்டியிருந்தது. இலைமேலும் பழத்தின்மேலும் பழி போடாதீர்கள். நாம் காலங்காலமாகச் சாப்பிட்ட அளவும் விதமும் வேறு, இது வேறு.


ஸ்காபரோ | புதன், இரவு 11.50

நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது கனடாவில். அக்கா, தம்பி 'இம்போர்ட்டட் சாமான்' என்று சொன்னால் நம்பிவிடாதேங்கோ. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, சப்ளிமென்டை விற்கிறதுக்கு முன் அரசாங்கத்திடம் 'இது பாதுகாப்பானது' என்று அனுமதி வாங்கத் தேவையில்லை. கெடுதல் தெரிந்த பிறகுதான் அரசாங்கம் தலையிடும். 2025இல் அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு 23 புரோட்டீன் பொடி, பானங்களைச் சோதித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஒரு நாளைக்கு அவர்கள் வைத்த 0.5 மைக்ரோகிராம் ஈய வரம்பை ஒரு வேளை அளவிலேயே தாண்டின. பட்டாணியில் செய்கிற பொடிகளில்தான் ஈயம் கூட.

லண்டனில் 2020இல் 16 வயதுப் பொடியன் ஒருவன் புரோட்டீன் ஷேக் குடித்த பிறகு சுகமில்லாமல் போய் மூன்று நாளில் இறந்துபோனான். புரோட்டீன் உடையும்போது வருகிற அமோனியாவை அகற்ற முடியாத ஓர் அரிய பிறவிக் குறை அவனுக்கு இருந்தது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விசாரித்த அதிகாரி 2023இல் இந்தப் பொடிகளின் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும் என்று சொன்னார். மிக அரிதானதுதான். ஆனால் ஷேக் குடித்த பிள்ளை வாந்தியும் தலையிடியும் என்று தடுமாறிக் கதைத்தால் 'அஜீரணம்' என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

உங்கட வீட்டுக்காரருக்கு ஒன்று. காமரங்காய், உங்கள் பக்கம் நட்சத்திரப் பழம் என்பார்கள், அதைத் தொடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது மூளையைத் தாக்கும், விடாத விக்கலில் தொடங்கும். அதன் இனத்து பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று குடித்த 10 பேருக்குக் கேரளாவில் சிறுநீரகம் செயலிழந்தது என்று 2013இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.


பனியன்நகர் அம்மா | சனி, மாலை 6.35

கல்லீரல் பரிசோதனை நார்மல். எண்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பொட்டாசியம் 5.6, கிரியேட்டினின் 2.1. ஷேக், இளநீர், பேரீச்சை எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்திவிட்டார். ஆப்பிள், பப்பாளி சிறு துண்டு மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 'இரண்டு மாதம் இதைக் குடித்துவிட்டு நடந்து வந்திருக்கிறீர்களே' என்றார்.

நேற்று ஜிம்முக்கு நானே போனேன். கோச்சிடம் கவரைக் காட்டினேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்குக் கவரின் போட்டோவோடு புகார் கொடுத்துவிட்டேன். மகனை வேறு ஜிம்மில் சேர்த்தாகிவிட்டது. மீதி இருக்கிற மாம்பழப் பொடியை என்ன செய்வது என்று அவனையே முடிவு செய்யச் சொன்னேன். உரிம எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்தான். வேறு ஏதோ கம்பெனி பெயர் வந்தது. அவனே குப்பையில் போட்டான்.

இனி அவனுக்கு வீட்டிலேயே என்ன கலந்து கொடுக்கலாம்?


சாறுக்கடை | சனி, இரவு 8.20

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றது மனதுக்கு நிம்மதி, அம்மா. என் கடையில் காலை ஆறு மணிக்கு வருகிற பசங்களுக்கு நான் போடுவது இதுதான். பொட்டுக்கடலை 30 கிராம், முதலில் தனியாகப் பொடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பல்லில் நறநறக்கும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 15 கிராம் வரும். காய்ச்சி ஆறிய பால் 200 மில்லி. ஒரு ரஸ்தாளி அல்லது கால் மாம்பழம். சர்க்கரை வேண்டாம், பழமே போதும். பச்சை முட்டையை உடைத்து ஊற்றாதீர்கள், வேக வைத்துத் தனியாகக் கொடுங்கள்.


நெல்லை டயட்டீஷியன் | சனி, இரவு 8.45

கணக்கு: பால் ஆறரை கிராம், பொட்டுக்கடலை ஆறு, வேர்க்கடலை நாலு, பழம் ஒன்று. பதினேழு, பதினெட்டு கிராம் வந்துவிட்டது. கூட இரண்டு முட்டை வைத்தால் முப்பது. மதியம் பருப்பு, சுண்டல், ராத்திரி மீனோ பனீரோ என்றால் அவன் வயதுக்கும் உழைப்புக்கும் போதும். அப்பாவுக்கு இதைக் கொடுக்காதீர்கள், ஒரு வாய்கூட.


பனியன்நகர் அம்மா | சனி, இரவு 9.05

கடைசியாக ஒன்று. வீட்டில் இரண்டு கிலோ வேர்க்கடலை போன தீபாவளியிலிருந்து டப்பாவில் கிடக்கிறது. அதையே போடலாமா?


சாறுக்கடை | சனி, இரவு 9.12

வேண்டாம் அம்மா. டயட்டீஷியன் சொன்ன அந்தப் பூஞ்சை நஞ்சு முதலில் வருவதே பழைய கடலையில்தான், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது ஒன்று தட்டுப்பட்டாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். புதிதாக அரை கிலோ வாங்கி, தீர்ந்தபின் அடுத்தது வாங்குங்கள்.